எண்ணப்படாதவர்களின் வார்டு

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகால் சிப்காட்டில் 2024 ஆகஸ்ட் 17-ஆம் தேதி ஒரு தங்கும் விடுதி திறக்கப்பட்டது. 13 அடுக்குமாடிக் கட்டடங்கள். செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். செல்போன் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்கள் 18,720 பேர் அங்கே தங்கலாம். முதலமைச்சர் மு.க.ஸ்டாலினும் ஃபாக்ஸ்கான் தலைவர் யங் லியூவும் விழாவுக்கு வந்திருந்தார்கள். பெண் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பான இடம் வேண்டும் என்ற கோரிக்கை எப்படிப் பிறந்தது என்பது அந்தப் பகுதி மக்களுக்கு மறக்காது. 2021 டிசம்பரில், தனியார் விடுதி ஒன்றில் சாப்பிட்ட உணவு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போக, சக தொழிலாளர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து போராடினார்கள். அந்தப் போராட்டத்தின் மறுமுனையில் நிற்கிறது இந்த வளாகம்.

இப்போது அந்த 18,720 என்ற எண்ணை உள்ளாட்சிக் கணக்கில் வைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றியக் கவுன்சிலர் ஒருவருக்கு ஏறத்தாழ 5,000 மக்கள் என்பது அளவு. மாவட்ட ஊராட்சி உறுப்பினர் ஒருவருக்கு 50,000. விடுதி நிரம்பி வழியும் நாளில், அந்த ஒரு வளாகத்துக்கு மட்டுமே மூன்று ஒன்றியக் கவுன்சிலர்கள் வேண்டும். அப்போதும் இன்னொரு வார்டின் முக்கால் பங்கு மக்கள் மிச்சம் இருப்பார்கள். ஆனால், வார்டுகளைப் பிரித்த கணக்கில் அவர்களுக்கு இடமே இல்லை. தமிழ்நாட்டின் ஊராட்சி வார்டுகள் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துப் பிரிக்கப்பட்டவை. 2011-இல் அந்த விடுதி கிடையாது. அதில் இன்று தங்கியிருக்கும் பெண்களில் பலர் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் வழியாக வண்டலூர் போகும் சாலையில் விடியற்காலையில் நின்றால் இந்த விஷயம் கண்ணுக்கு நேராகத் தெரியும். கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வாரணவாசியைத் தாண்டினால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் சீருடையோடு ஒரு கூட்டம் நிற்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை. தமிழும் இந்தியும் ஒடியாவும் கலந்து கேட்கும். ஷிப்ட் முடிந்து இறங்குகிறவர்கள் எதிர்ப்பக்கம் ரோட்டைத் தாண்டி ரூமுக்கு நடப்பார்கள். இவர்கள் குடிப்பது இந்த ஊர்த் தண்ணீர், நடப்பது இந்த ஊர்த் தெரு. உள்ளாட்சி நிர்வாகத்தின் வார்டுக் கணக்கில்தான் இவர்கள் இல்லை.

2011 எதைப் பார்த்தது?

ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர் வாலாஜாபாத். பாலாற்றங்கரை, செங்கல்பட்டு - அரக்கோணம் ரயில் பாதை, சுற்றிலும் நெசவும் நெல்லும் ஏரியும் என்று இருந்த வட்டாரம். ஊர் பேரூராட்சி, அதைச் சுற்றி வாலாஜாபாத் ஊராட்சி ஒன்றியம், அதற்குள் தென்னேரி, ஊத்துக்காடு, வாரணவாசி, கட்டவாக்கம் என 61 கிராம ஊராட்சிகள்.

இந்த ஊர்கள் உள்ள காஞ்சிபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை எப்படிப் போனது என்பதற்கு ஒரே ஒரு ஒப்பீடு போதும். பிரிக்கப்படாத காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2001-இல் 28.77 லட்சம் பேர். 2011-இல் 39.98 லட்சம். பத்தாண்டில் கிட்டத்தட்ட 39 சதவீத வளர்ச்சி. அந்தப் பத்தாண்டில் தமிழ்நாட்டின் எந்த மாவட்டமும் இவ்வளவு வேகமாக வளரவில்லை. மாநிலம் முழுவதற்குமான வளர்ச்சி அப்போது 16 சதவீதத்துக்கும் கீழேதான். சென்னையின் தெற்குப் புறநகர் அந்த வளர்ச்சியில் பெரும் பங்கை வாங்கிக்கொண்டது உண்மை. ஆனால் ஒரகடத்தின் கதை அப்போதுதான் தொடங்கியிருந்தது. ரெனோ - நிசான் தொழிற்சாலை திறந்தது 2010 மார்ச்சில். கணக்கெடுப்பாளர் வீடு வீடாக வந்தது 2011 பிப்ரவரியில். டைம்லர் லாரித் தொழிற்சாலை திறந்தது 2012-இல். ராயல் என்ஃபீல்டு ஒரகடத்துக்கு வந்தது 2013, வல்லம் வடகாலுக்கு 2017.

அதாவது, கணக்கெடுப்பு முடிந்த பிறகுதான் ஊர் நிரம்பியது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது, தள்ளிக்கொண்டே போனது. சில ஊர்களுக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சில நூறு பேர் கூடியிருப்பார்கள் அல்லது குறைந்திருப்பார்கள். ஒரகடம் சாலையில் இருக்கும் ஊர்களுக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

கவுன்சிலரே இல்லாத ஐந்து ஆண்டுகள்

வார்டு மறுவரையறை என்றாலே பலருக்கு அலுவலகக் கோப்பு நினைவுக்கு வரும். காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு அது அப்படி அல்ல. ஒரு முழுப் பதவிக்காலத்தையே அது விழுங்கியிருக்கிறது. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2011-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் காலம் 2016 அக்டோபர் 24-இல் முடிந்தது. அதற்கு முன்பாக அக்டோபர் 17, 19 தேதிகளில் தேர்தல் என்று அறிவித்திருந்தார்கள். பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு முறையாக இல்லை என்று தி.மு.க. சார்பில் வழக்கு. அக்டோபர் 4-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்தது. வேட்புமனுவெல்லாம் போட்டுவிட்டு, சுவரும் எழுதிவிட்டு, ஊரே காத்துக்கொண்டிருந்த நேரம் அது. பதவிக்காலம் முடிந்ததும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள்.

பிறகு 2017-இல் மறுவரையறை ஆணையத்துக்கென்று தனிச் சட்டம் வந்தது. மாநிலத் தேர்தல் ஆணையர் அதன் தலைவர். 2011 மக்கள்தொகையை அடிப்படையாக வைத்து மாநிலம் முழுக்க வார்டுகளைத் திருத்தும் பணி. வரைவுப் பட்டியல் 2017 டிசம்பரில் வெளியானது. ஆட்சேபம் சொல்லக் கொடுத்த அவகாசம் மிகக் குறுகியது. மார்கழி, புத்தாண்டு, பொங்கல் வேலைகளுக்கு நடுவே அது கடந்து போயிற்று. 2018-இல் இறுதி செய்தார்கள்.

அதோடு முடிந்ததா? 2019 நவம்பர் 29-இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தது. 633 ஊராட்சிகளாக இருந்த மாவட்டத்தில் 359 செங்கல்பட்டுக்குப் போக, 274 காஞ்சிபுரத்தில் நின்றன. 13 ஒன்றியங்களில் ஐந்துதான் மிச்சம்: காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர், ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர். மாவட்டமே மாறிய பிறகு பழைய மாவட்ட ஊராட்சி வார்டுகளை வைத்து எப்படித் தேர்தல் நடத்துவது என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 டிசம்பர் 6-ஆம் தேதி நீதிமன்றம் சொன்னது இதுதான்: புதிதாகப் பிரித்த, அதனால் எல்லை மாறிய ஒன்பது மாவட்டங்களை விட்டுவிட்டு மற்ற இடங்களில் தேர்தலை நடத்துங்கள், இந்த ஒன்பதிலும் மறுவரையறையை நான்கு மாதத்துக்குள் முடித்துத் தேர்தல் நடத்துங்கள்.

மற்ற 27 மாவட்டங்களும் அந்த மாதமே வாக்களித்தன. நான்கு மாதம் என்று சொன்ன வேலைக்குக் கொரோனா குறுக்கே வந்தது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் கெடு விதித்த பிறகுதான் 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் காஞ்சிபுரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களிலும் ஊரகத் தேர்தல் நடந்தது. வாலாஜாபாத் பேரூராட்சி போன்ற நகர்ப்புற அமைப்புகளுக்கு 2022 பிப்ரவரி 19 வரை பொறுக்க வேண்டியிருந்தது.

2016 அக்டோபரிலிருந்து 2021 அக்டோபர் வரை ஐந்து ஆண்டுகள். சரியாக ஒரு பதவிக்காலம். தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல வார்டு மெம்பர் இல்லை. தீர்மானம் போட மன்றம் இல்லை. தொழிற்சாலைகள் மிக வேகமாக வந்த, வெளியூர்க்காரர்கள் மிக அதிகமாகக் குடியேறிய அதே ஐந்து ஆண்டுகள். எந்த ஏரிக்கரையில் மனை பிரிக்கலாம், எந்த வாய்க்காலை மூடலாம் என்பதெல்லாம் முடிவான காலம். மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காராமலே அந்த முடிவுகள் நடந்தேறின. இந்த இழப்புக்கு யாரும் இதுவரை கணக்குக் கேட்கவில்லை.

கோடு எப்படி விழுகிறது?

அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு ஊராட்சிக்குள் ஒவ்வொரு வார்டிலும் மக்கள்தொகைக்கும் உறுப்பினர் எண்ணிக்கைக்கும் உள்ள விகிதம் கூடியவரை ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்கிறது அது. மக்கள்தொகை என்றால் எது? கடைசியாக நடந்து, புள்ளிவிவரம் வெளியிடப்பட்ட கணக்கெடுப்பின்படி உள்ள மக்கள்தொகை. இந்த ஒரு வரையறைதான் வாலாஜாபாத் பக்கத்து ஊர்களை இன்னும் 2011-இல் கட்டிவைத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிக்கு மக்கள்தொகையைப் பொறுத்துப் பெரும்பாலும் 6, 9, 12, 15 என்று வார்டுகள். கிராமத்து வாக்காளருக்கு நாலு ஓட்டு: வார்டு மெம்பர், தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். முதல் இரண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2021-இல் 11 மாவட்டக் கவுன்சிலர்களையும் 98 ஒன்றியக் கவுன்சிலர்களையும் 274 தலைவர்களையும் தேர்ந்தெடுத்தார்கள்.

வரைவுப் பட்டியலைக் கையில் வாங்கிப் படித்தவர்களுக்குத் தெரியும், அதைப் புரிந்துகொள்வது எவ்வளவு கஷ்டம் என்று. பார்த்ததும் விளங்குகிற வரைபடம் கிராமத்து ஆள் கைக்கு அநேகமாக வருவதில்லை. வருவது தெருப் பெயர்களின் வரிசை, வடக்கே எது, கிழக்கே எது என்று நாலு எல்லை, மக்கள்தொகை எண். கணக்கெடுப்பில் இருந்த தெருதான் பட்டியலில் இருக்கும். அதற்குப் பிறகு விளைநிலத்தை மனை போட்டு உருவான நகர்கள், ‘எக்ஸ்டென்ஷன்’ என்று சொல்லப்படும் தெருக்கள், ஒவ்வொரு வரப்பின் மேலும் வரிசையாகக் கட்டிய ரூம்கள் எல்லாம் பக்கத்தில் உள்ள ஏதோ ஒரு வார்டின் எல்லைக்குள் விழுந்திருக்கும். காகிதத்தில் ஐந்நூறு பேர் உள்ள வார்டு, நேரில் போனால் இரண்டாயிரம் பேரோடு நிற்கலாம். அதே ஊராட்சியில் பழைய தெருக்கள் மட்டும் உள்ள வார்டு அதே ஐந்நூறோடு நிற்கும். இரண்டு மெம்பருக்கும் மன்றத்தில் ஆளுக்கு ஒரு கைதான்.

இதைவிட ஆழமாக வெட்டும் கோடு ஒன்று உண்டு. பட்டியல் சாதி மக்களின் விகிதம் எந்த வார்டில் அதிகமோ அந்த வரிசையில் அவர்களுக்கான வார்டுகள் ஒதுக்கப்படுகின்றன. சேரித் தெருக்களை ஒரே வார்டாக வைத்தால் அங்கே அவர்கள் குரல் நிற்கும். நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டு ஊர்த் தெருக்களோடு இரண்டாகச் சேர்த்துவிட்டால் இரண்டு வார்டிலும் சிறுபான்மை. கோடு போட்டவர் வேண்டுமென்றே செய்தாரா, எண்ணிக்கையைச் சமப்படுத்தப் போய் அப்படி விழுந்ததா என்று பிறகு நிரூபிக்க முடியாது. 1812-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி, தன் கட்சிக்குச் சாதகமாகப் பல்லி மாதிரி வளைந்து நெளிந்த ஒரு தொகுதி எல்லைக்கு ஒப்புதல் கொடுத்தார். இருநூறு ஆண்டுகள் கழித்தும் அந்தத் தந்திரத்துக்கு அவர் பெயர்தான். நம் ஊரில் அவ்வளவு வளைவு தேவையில்லை. ஒரு தெருவை மாற்றினால் போதும்; பத்து ஓட்டில் ஜெயிக்கிற வார்டுகள் இவை.

கோடு விழுந்த பிறகு நீதிமன்றம் போகலாமே என்று கேட்கலாம். வார்டு மறுவரையறை தொடர்பான சட்டத்தை நீதிமன்றத்தில் கேள்விக்கு உட்படுத்த முடியாது என்று அரசியல் சட்டமே தடுப்புப் போட்டிருக்கிறது. நீதிமன்றங்கள் சில சமயம் தலையிட்டிருக்கின்றன. ஆனால் வழி குறுகல். ஆட்சேபம் சொல்லச் சரியான நேரம் வரைவு ஒட்டியிருக்கும் அந்தச் சில நாள்கள்தான்.

ஒரு கதவு எண், இருபது ஜோடிச் செருப்பு

எண்ணப்படாமல் போவதால் என்ன குறைந்துபோகிறது? ஒரகடம் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் ரூம் வரிசைகள் இருக்கின்றன. நீளமான கட்டடம், வரிசையாகக் கதவுகள், ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் நான்கைந்து ஜோடி ஷூவும் செருப்பும். கொடியில் வெவ்வேறு கம்பெனிச் சீருடைகள் காய்கின்றன. மொத்தக் கட்டடத்துக்கும் வீட்டுவரி ரசீது ஒன்றுதான் இருக்கும்; குடிநீர் இணைப்பும் ஒன்று. கிராமப்புறத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. ஒரு குடும்பம் என்று பதிவான இடத்தில் இருபது பேர் இருந்தால் அந்த அளவு என்ன ஆகும்? போர் போடுகிறார்கள், டேங்கர் வாங்குகிறார்கள். கழிவுநீர் பக்கத்து வயலுக்கோ ஏரி வாய்க்காலுக்கோ போகிறது. தென்னேரி போன்ற பெரிய ஏரிகளை நம்பியிருக்கும் வட்டாரத்தில் இது விளையாட்டு விஷயம் இல்லை.

நிதியும் இதே கணக்கில்தான் வந்திருக்கிறது. 15-ஆவது நிதிக்குழு உள்ளாட்சி மானியத்தை மாநிலங்களுக்குப் பங்கிட்டபோது 90 சதவீத எடையை மக்கள்தொகைக்குக் கொடுத்தது. எடுத்துக்கொண்ட மக்கள்தொகை 2011. ஆக, வார்டு மெம்பருக்கு மனு கொடுக்க வருகிறவர்கள் 2026-இன் மக்கள். அவர் செலவழிக்கிற பணம் 2011-இன் மக்களுக்கு வந்தது. அவரைக் குறைசொல்லி என்ன பயன்?

ஊர்க்காரர்களிடம் இன்னொரு வாதம் உண்டு. இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குப் போகிறவர்களைக் கணக்கில் சேர்த்து எங்கள் வார்டை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. நிலம் கொடுத்தவர்கள் அவர்கள், ஏரி அவர்களுடையது, கோயில் அவர்களுடையது. ஆனாலும் அந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஒருவர் போனால் அந்தப் படுக்கையில் அடுத்த வாரம் இன்னொருவர் வருகிறார். ஆள் மாறலாம், எண்ணிக்கை மாறுவதில்லை. அவர்களைக் கணக்கில் சேர்க்காவிட்டால் தண்ணீர்ப் பற்றாக்குறை ஊர்க்காரருக்கும் சேர்த்துத்தான் வருகிறது.

இதில் ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வார்டு பிரிவது மக்கள்தொகையை வைத்து. தேர்தல் நடப்பது வாக்காளர் பட்டியலை வைத்து. விடுதிப் பெண்களை எண்ணி மூன்று வார்டு கொடுத்து, அவர்களில் ஒருவருக்கும் அங்கே ஓட்டு இல்லை என்றால், பக்கத்தில் உள்ள சில நூறு பேர் அந்த மூன்று கவுன்சிலர்களையும் தேர்ந்தெடுப்பார்கள். அது புது அநியாயம். சொந்த வீடு இருப்பதாலேயே ஒருவர் அந்த ஊரில் வசிப்பவர் ஆகிவிட மாட்டார் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். சாதாரணமாக எங்கே வசிக்கிறார் என்பதுதான் அதன் கேள்வி. பீகாரிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வந்து வருஷக்கணக்கில் இங்கே வாழ்கிறவர் விரும்பினால் படிவம் 8 கொடுத்து ஓட்டை இங்கே மாற்றிக்கொள்ளலாம். ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்காக ஓட்டை அங்கேயே வைத்திருக்க விரும்புகிறவர்கள் பலர். அது அவர்கள் உரிமை. மாற்றிக்கொள்ள விரும்புகிறவருக்கு வழி திறந்திருக்க வேண்டும். வீட்டு உரிமையாளர் கையெழுத்துக்காக அலையவிடக் கூடாது.

உத்திரமேரூர் பக்கத்தில்தான் இருக்கிறது

வாலாஜாபாத்திலிருந்து பாலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள். குடவோலை என்றதும் எல்லோரும் பெருமையோடு குறிப்பிடும் இடம். அந்தப் பெருமையில் அடிக்கடி விட்டுப்போகும் இரண்டு விஷயங்களை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஒன்று, ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடும்புக்கு ஒருவராகத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்வான 30 பேரில் 12 பேர் ஆட்டை வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். அதாவது வார்டுப் பிரிவினையும் பொறுப்புப் பங்கீடும் ஒரே ஏற்பாட்டின் இரு பக்கங்கள். முதல் விதிகள் கி.பி. 919-இல் வந்தன. 921-இலேயே அவற்றைத் திருத்தினார்கள். வயது வரம்பைக்கூட மாற்றினார்கள். பிழை தெரிந்ததும் இரண்டே ஆண்டில் கல்லில் வெட்டியதையே மாற்றியிருக்கிறார்கள்.

இரண்டாவது, யாருக்கு அந்தக் குடும்பு? வரி கட்டும் சொந்த நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு. நிலத்தில் உழைத்தவர் அந்த ஓலையில் இல்லை, பெண் இல்லை. ஊரில் இருந்தும் கணக்கில் இல்லாதவர்கள் அன்றும் இருந்தார்கள். இன்றைய சட்டம் அந்தத் தடைகளை எல்லாம் நீக்கிவிட்டது. பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டமும் வந்துவிட்டது. சட்டம் நீக்கிய தடையைப் பழைய கணக்கெடுப்பு வேறு வழியில் கொண்டுவருவதைத்தான் நாம் பொறுத்துக்கொண்டிருக்கிறோம்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

இங்கிலாந்தில் உள்ளாட்சி வார்டு எல்லைகளைத் திருத்த அரசியல்வாதிகள் கையில் இல்லாத தனி ஆணையம் இருக்கிறது. அந்த ஆணையம் இன்றைய வாக்காளர் எண்ணிக்கையோடு, அடுத்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை பேர் கூடுவார்கள் என்பதையும் கணக்கில் எடுக்கச் சட்டப்படி கடமைப்பட்டது. எங்கே புதுக் குடியிருப்பு வருகிறது, எத்தனை வீடுகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்ற விவரத்தையும் பார்க்கிறார்கள். அவர்கள் ஐந்து ஆண்டு முன்னே பார்க்கிறார்கள். நாம் பதினைந்து ஆண்டு பின்னே பார்க்கிறோம். சிப்காட்டில் எந்த மனை யாருக்கு ஒதுக்கப்பட்டது, எத்தனை பேருக்கு வேலை என்பது அரசிடமே இருக்கும் தகவல். விடுதிக்கு அடிக்கல் நாட்டும்போதே அதில் எத்தனை பேர் தங்குவார்கள் என்பது தெரியும். வார்டு பிரிக்கும் மேஜைக்கு மட்டும் அந்தத் தகவல் போய்ச் சேருவதில்லை.

இலங்கையில் நடந்தது வேறு விதம். வட்டார முறையும் விகிதாசார முறையும் கலந்த புது ஏற்பாட்டில் 2018 பிப்ரவரி 10-இல் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழ இரு மடங்காகி 8,000-ஐத் தாண்டியது. இத்தனை பேர் எதற்கு, செலவை யார் தாங்குவது என்று அன்றிலிருந்து அங்கே விவாதம். எண்ணிக்கையைக் குறைக்க எல்லை நிர்ணயக் குழு அமைத்தார்கள். பணமில்லை என்று தேர்தலையே தள்ளினார்கள். கடைசியில் 2025 மே 6-இல்தான் நடந்தது. கவுன்சிலர் எண்ணிக்கையைக் கூட்டுவது மட்டும் தீர்வாகாது என்பதற்கு இது சாட்சி.

சென்னை நமக்குப் பக்கத்துப் பாடம். 2011-இல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து மாநகராட்சியை விரித்தபோது, பழைய 155 வார்டுகளை 107 ஆகச் சுருக்கி, புதிய பகுதிக்கு 93 கொடுத்து 200 ஆக்கினார்கள். பழைய நகரத்துக்காரர்கள் வருந்தினார்கள். புறநகர் எவ்வளவு வேகமாக வளரும் என்பதை அந்தப் பங்கீடு சரியாகப் பிடிக்கவில்லை என்பதைச் சோழிங்கநல்லூர்ப் பக்கம் போனவர்கள் அறிவார்கள்.

2025 தொடக்கத்தில் தமிழக அரசு 149 ஊராட்சிகளை 16 மாநகராட்சிகளோடு சேர்க்கும் அறிவிப்பை வெளியிட்டதும் பல ஊர்களில் எதிர்ப்பு கிளம்பியது. நூறு நாள் வேலை போய்விடும், வரி கூடிவிடும் என்பது அப்போதைய கிராமத்துப் பயம். அந்தப் பயம் வெறும் கற்பனை அல்ல. தொழிற்சாலை வட்டாரத்தில் இந்த இழுபறி இன்னும் வரும். எந்த ஊர் எதோடு சேரும் என்பது முடிவானால் வார்டும் மாறும். கிராம சபையில் அதை முன்கூட்டியே பேச வைப்பது ஊராட்சித் தலைவர்களின் கடமை.

2027 மார்ச் 1

இப்போது வருகிற வாய்ப்புக்கு வருகிறேன். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2025 ஜூன் 16-இல் அறிவிக்கை வந்துவிட்டது. 2026-இல் வீட்டுப் பட்டியல் எடுக்கும் பணி. 2027 பிப்ரவரியில் ஆள் கணக்கு. மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவுதான் குறிப்பு நேரம். காஞ்சிபுரம் மாவட்ட ஊரகப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2026 அக்டோபரோடு முடிகிறது. புதிய கணக்கு வெளிவருவதற்கு முன் தேர்தல் வந்தால் 2011 வார்டுகளே தொடரும். அதற்காகப் புதுக் கணக்கு வரும்வரை தேர்தலைத் தள்ளிவைப்பது மகா தவறு. ஐந்து ஆண்டு கவுன்சிலர் இல்லாமல் பட்டது போதும். பழைய வார்டில் தேர்தலை நடத்துங்கள்; புதுக் கணக்கு வந்ததும் அடுத்த தேர்தலுக்குள் நிதானமாக மறுவரையறை செய்யுங்கள்.

அரசிடம் கேட்பது பெரிதல்ல. வரைவை வரைபடத்தோடு ஊராட்சி அலுவலகத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்ட வேண்டும். ஆட்சேபத்துக்குக் குறைந்தது ஒரு மாதமாவது தர வேண்டும். இடையில் ஒரு கிராம சபைக் கூட்டம் வர வேண்டும். எந்த மனுவை ஏற்றோம், எதை ஏன் மறுத்தோம் என்று எழுதி வெளியிட வேண்டும். சிப்காட் விவரங்களை மறுவரையறை ஆணையம் கேட்டு வாங்க வேண்டும்.

கணக்கெடுப்பு வரும்போது விடுதி நடத்துகிறவர்களும் ரூம் விடுகிறவர்களும் ஆள் எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. வரி கூடும், போலீஸ் கேட்கும் என்று பயந்து பத்துப் பேரை மறைத்தால், உங்கள் தெருவுக்கு வர வேண்டிய தண்ணீரும் சாக்கடையும் பத்து வருஷத்துக்கு மறைந்துபோகும். கணக்கெடுப்பில் சொல்லும் தனிநபர் விவரம் வரித்துறைக்கோ போலீசுக்கோ போகாது; சட்டமே அதைத் தடுக்கிறது. நைட் ஷிப்ட் போகிறவர்கள் பகலில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். கதவைத் தட்டினால் திறக்க மாட்டார்கள். அவர்கள் பெயரைச் சேர்க்கப் பக்கத்து ரூம்காரரும் வீட்டுக்காரரும் உதவ வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்குக் காட்டும் அக்கறையில் கொஞ்சத்தை இதற்கும் காட்டலாம்.

வாலாஜாபாத், ஒரகடம் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வார்டு வரைவு ஒட்டப்படும் அன்று பிடிஓ ஆபீசுக்குப் போய்ப் படியுங்கள். உங்கள் தெரு எந்த வார்டில் இருக்கிறது, பக்கத்துச் சேரி இரண்டாகப் பிரிந்திருக்கிறதா, புது நகர் எங்கே சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். தவறு தெரிந்தால் ஒரு பக்க மனு எழுதி, பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.